ஒரு விரல் கம்மி

நான்கு பேர் நான்கு மூலைகளையும் பிடித்து இழுத்தபோது, தார்ப்பாயின் மேல் இருபது நாளாகத் தேங்கியிருந்த மழைநீர் ஒரே பக்கமாகச் சரிந்து லாரியின் பின்புறம் கொட்டியது. கீழே நின்ற சிவராஜ் விலகுவதற்குள் இடுப்புவரை நனைந்துவிட்டான்.

"போறப்பக்கூட என்னை ஒரு தடவ குளிப்பாட்டிட்டுத்தான் போறாரு மாமா" என்றான்.

பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்த இரண்டொருவர் சிரித்து, சிரித்ததை உணர்ந்து தலை குனிந்துகொண்டார்கள். வாசற்படியோரம் சுவரில் சாய்ந்திருந்த ரங்கம்மாவின் உதடுகளும் லேசாக அசைந்தன. தம்பி சொன்னது அவள் கணவர் காதில் விழுந்திருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விட்டிருக்கமாட்டார். அவரோ உள்ளே கூடத்தில், கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டு, நெற்றியில் ஒற்றை நாணயத்துடன் படுத்திருந்தார். திம்மராயன், வயது ஐம்பத்தெட்டு. எதிர் மனையில் நின்ற அந்த ஆறு சக்கர லாரிக்கு உரிமையாளரும் ஒரே ஓட்டுநரும் அவர்தான். காலை ஐந்தரை மணிக்கு, பால்காரர் மணியடித்துவிட்டுப் போன சற்று நேரத்தில் மூச்சு நின்றிருந்தது.

அடக்கம் சொந்த ஊரில் என்று முடிவாகியிருந்தது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அஞ்செட்டிச் சாலையில் மலை இறங்கும் வழியில் இருந்தது அந்த ஊர். ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். மகள் பிரவீனா அமரர் ஊர்திக்குச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தபோது, லாரி ஸ்டாண்டிலிருந்து வந்திருந்தவர்கள் ஒப்பவில்லை.

"அண்ணன் அடுத்தவன் வண்டியில போறதா? அவர் வண்டிதான் நிக்குதுல்ல."

"ஓட்டறது சொந்தமா இருக்கணும்" என்றார் கரியப்பன். அவர் திம்மராயனுக்குப் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். "சிவராஜு, நீ ஓட்டு. மாமனை நீதான் கொண்டுபோய் விடணும். ஒண்ணு சொல்லிடறேன், பொழுதோட திரும்பியாகணும். அஞ்சு மணிக்கு மேல அந்த ரோட்டுல ஆனை எறங்கிடும்."

சிவராஜ் பதினோரு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை ஓட்டுகிறவன். லாரியின் சாவியை அவன் அக்காவிடம் கேட்டு வாங்கினான். வாங்கும்போது, காலையிலிருந்து இரண்டாவது முறையாக அதையே கேட்டான்.

"மாமா கடைசியா ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"ஒண்ணும் சொல்லலடா" என்றாள் ரங்கம்மா.

அது பொய். அவர் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் நான்கு மணி இருக்கும். கஞ்சியைக் கரண்டியால் எடுத்து உதட்டில் வைத்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை, கண்ணைத் திறந்தார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு, அவ்வளவு தெளிவாக அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஹவுசிங்..." என்றார்.

"என்னங்க?"

"ஹவுசிங்ல ஒரு விரல் கம்மி. சிவராஜுகிட்ட சொல்லிரு."

"சரிங்க."

"மறந்துராத."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவர்கள் தெருவில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஹவுசிங் என்றால் போதும். சிவராஜ் அங்கேதான் வாடகைக்கு இருந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அவன் வீட்டிலிருந்து இரண்டாவது தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. சின்ன வீடுதான், ஆனால் சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தது. ரங்கம்மா அந்த ஜன்னலருகில் நின்று, அடுப்பு எந்தப் பக்கம், குடம் எந்தப் பக்கம் என்றுகூட மனத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டாள். திம்மராயன் இரும்பு டேப்பை எடுத்து வீட்டின் முகப்பை அளந்தார். டேப்பின் நுனியில் ஆட்காட்டி விரலைப் பதித்துச் சற்று நேரம் நின்றார்.

"பத்திரத்துல இருக்கறதுக்கு ஒரு விரல் கம்மியா இருக்குது" என்று சொல்லி டேப்பைச் சுருட்டினார்.

அது சாக்கு என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆண்டு லாரியின் என்ஜினை முழுதாக இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. வீடா லாரியா என்று வந்தபோது அவர் எதைத் தேர்ந்தார் என்பதை அவள் புரிந்துகொண்டாள், சண்டை போடவில்லை. வீட்டைப் பற்றிப் பிறகு பேசவுமில்லை. ஆனால் அந்த ஒரு விரலை அவள் மறக்கவில்லை.

ஆகவே, சாகக்கிடந்தவர் வாயிலிருந்து ஹவுசிங் என்ற சொல்லும் ஒரு விரல் என்ற சொல்லும் சேர்ந்து வந்தபோது, அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று ஆண்டுகளாக அவரும் அதை மறந்திருக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்த விதத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்பியின் பெயர் அதில் வந்தது, வீட்டைக் காட்டியவன் அவன் என்பதால். மற்றபடி அது அவளுக்குச் சொன்ன சொல். அதைக் கூடத்தில் வைத்துப் பத்துப் பேர் கேட்கப் பகிர்ந்துகொள்ள அவளுக்கு மனமில்லை. காலையிலிருந்து அழுகைக்கு நடுவே அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு உடலைத் தூக்கினார்கள். லாரியின் தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாயும் வெள்ளைத் துணியும் விரித்திருந்தார்கள். பக்கப் பலகைகளில் சாமந்தி மாலைகள் தொங்கின. முப்பது பேருக்குமேல் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நீர்க்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பிரவீனா ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் ஏறியதைக் கரியப்பன் பார்த்தபடி நின்றார்.

"பொண்ணு குடம் ஒடைக்கறது நம்ம வழக்கத்துல இல்லப்பா."

"கம்பெனியில டெய்லி ஆயிரம் கியரை செக் பண்ணி பாஸ் பண்றவ மாமா அவ" என்றான் சிவராஜ். "ஒரு குடத்தை சரியா ஒடைக்க மாட்டாளா?"

கரியப்பன் பின்னால் போய் ஏறினார். அது சம்மதம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

தெருமுனையில், மின்மாற்றிக்குக் கீழே லாரி நின்றது. பெண்கள் அதுவரைதான் வரலாம். அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். ரங்கம்மா லாரியின் பின்பலகையில் ஒரு முறை கை வைத்தாள். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி அவள் தோளைப் பற்றித் திருப்பினாள். தப்படிப்பவர்கள் நிறுத்தி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சிறிய அமைதியில்தான் ஆஞ்சப்பனின் குரல் கேட்டது.

"சிவராஜு, ஒரு நிமிஷம் எறங்கு."

ஆஞ்சப்பன் தேன்கனிக்கோட்டைச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பைக்கை உருட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்து வந்தவன், உதிர்ந்த பூக்களுக்கிடையே தார்ச்சாலையில் கறுப்பாக விழுந்திருந்த சொட்டுகளைப் பார்த்துவிட்டிருந்தான்.

"பின்னாடி சொட்டுது பாரு. ஹவுசிங் ஆயில் பாத்தியா?"

நான்கு அடி நடந்திருந்த ரங்கம்மா நின்றாள்.

"என்ஜின் ஆயில் பாத்தேன், காத்து பாத்தேன், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தினேன்" என்றான் சிவராஜ். "ஹவுசிங் எல்லாம் நான் எங்கண்ணா பாக்கறது? பஸ்ஸுல அதெல்லாம் கம்பெனியே பாத்துக்கும்."

ஆஞ்சப்பன் குனிந்து, பின்சக்கரங்களுக்கு நடுவே அச்சின் வயிறு போல உருண்டு தொங்கிய இரும்புக் கூட்டைத் தட்டினான். என்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகின்றன. லாரிக்காரர்களின் பேச்சில் ஹவுசிங் என்பது அதுதான். இருபத்தேழு ஆண்டு லாரிக்காரர் மனைவியான ரங்கம்மாவுக்கு அது தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் அவளேதான். பிரவீனாவை வயிற்றில் சுமந்த மாதங்களில் அவர் சட்டையில் வரும் எண்ணெய் நெடி அவளுக்குக் குமட்டியது. சாப்பாட்டில் உட்கார்ந்து கிளட்ச், கியர் என்று அவர் பேசுவதைக் கேட்டாலே அந்த நெடி வந்தது. "எல்லாத்தையும் கேட்டுக்கு வெளியவே எறக்கி வச்சுட்டு வாங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து செருப்பு, காக்கிச் சட்டை, லாரிப் பேச்சு மூன்றையும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிரவீனா பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போன பிறகும் அந்த வழக்கத்தை அவர் மாற்றவில்லை.

ஒன்று மட்டும் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. டம்ளரில் காப்பியைத் தளும்பாத அளவுக்கு அவள் ஊற்றிக் கொடுப்பாள். அவர் ஆட்காட்டி விரலை விளிம்பில் மடக்கி வைத்துப் பார்த்துவிட்டு நீட்டுவார்: "ஒரு விரல் கம்மி." அவளைச் சீண்டுவதற்கான பேச்சு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நடுவழியில நிறுத்தி ஆயில் பாக்கறதாப்பா?" மேலிருந்து கரியப்பன் கேட்டார். "அடக்கம் முடிச்சுட்டு வந்து சாவகாசமா பாருங்க. நேரமாவுது."

ஆஞ்சப்பன் நிமிர்ந்து லாரியைப் பார்த்தான். ஏறி நின்றவர்களைப் பார்த்தான். சாவு வண்டியை நிறுத்தியவன் என்ற பெயர் அவனுக்கும் வேண்டியிருக்கவில்லை.

"ஆயில் சீல்ல எப்பவும் கொஞ்சம் ஈரம் இருக்கும்தான்" என்றான், யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல. "சரி. எறக்கத்துல மெதுவா போ சிவராஜு. திரும்பி வந்து பாத்துக்கலாம்."

சிவராஜ் ஏறிக் கதவைச் சாத்தினான். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் பிரவீனாவின் முகமும், மடியில் குடத்தின் வாயும் தெரிந்தன.

ரங்கம்மா சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், நேற்று மாலையிலிருந்து அவள் கையில் வைத்திருந்தது கையைவிட்டுப் போய்விடும். அது அவளுக்குச் சொன்ன சொல்லாக இருக்காது, வண்டிக்குச் சொன்னதாகிவிடும். ஒரு பெண், கணவனின் கடைசிச் சொல்லை ஓர் இரும்புக் கூட்டுக்கு விட்டுக்கொடுப்பது எளிதல்ல. என்ஜின் உறுமியது.

"சிவராஜு, நில்லுடா."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மாதேஸ்வரியின் கையை விலக்கிவிட்டுத் திரும்பி நடந்து, லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். என்ஜின் அணைந்தது.

"ஒரு விரல் கம்மி" என்றாள்.

"என்னண்ணி?" ஆஞ்சப்பன் கிட்டே வந்தான்.

"ஹவுசிங்ல ஒரு விரல் கம்மி. நேத்து சாயங்காலம் சொன்னாரு. சிவராஜுகிட்ட சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

சிவராஜ் கதவைத் திறந்தான், ஆனால் இறங்கவில்லை.

"காலையில ரெண்டு தடவ கேட்டனேக்கா."

"கேட்ட."

"அப்பறம் ஏன்?"

"நீ இருக்கற ஹவுசிங்னு நெனச்சேன்டா. அந்த வீட்டைத்தான் சொல்றாருன்னு..."

டேப்பின் மறுமுனையை அன்று பிடித்திருந்தவன் சிவராஜ்தான். வண்டிக்குள்ளிருந்து பிரவீனாவின் சிரிப்பு கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அது அழுகையாக மாறியது. "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஆஞ்சப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"பதினாலு வருஷமா நான் இந்த வண்டி பாக்கறேன் அண்ணி. அண்ணன் ஒரு விரல்னு சொன்னா அது ஒரு விரல்தான். முக்கால் கிடையாது." பிறகு மேலே பார்த்துக் குரலை உயர்த்தினான். "முப்பது பேரை ஏத்திக்கினு மலை எறங்கப் போறோம் பெரியண்ணே. உள்ள பல்லு காஞ்சு பிடிச்சுதுன்னா வளைவுல சக்கரம் சுத்தாது. பாத்துட்டுதான் எடுக்கணும். இங்க சரிவு, கணக்கு தப்பும். மட்டத்துக்கு ஒரு பத்தடி பின்னாடி எடுக்கச் சொல்லுங்க."

"பின்னாடி எடுக்கக் கூடாது" என்றார் கரியப்பன் உடனே. "எடுத்த பொணம் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது."

"அப்ப முன்னாடி கல்வெர்ட்டுகிட்ட மட்டம் இருக்குது."

"முன்னாடின்னா போ."

கல்வெர்ட்டு என்ற அந்தச் சிறு பாலம் மின்மாற்றிக்கு அப்பால் நாற்பது தப்படி இருக்கும். லாரி ஊர்ந்து போய் நின்றது. ஆண்கள் பின்தொடர்ந்தார்கள். ரங்கம்மாவும் நடந்தாள்.

"அக்கா, பொம்பளைங்க இதுக்கு மேல..." என்று தொடங்கிய மாதேஸ்வரி முடிக்கவில்லை. பின்னாலேயே வந்தாள். கரியப்பன் மேலிருந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுதோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்புறம் காடு தெரியும் திசையைப் பார்த்து நின்றார்.

சாவுக்கென்று வெளுத்துப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு ஆஞ்சப்பன் சாலையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். பைக்கில் தொங்கிய பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்கள். அவன் உடனே திருகவில்லை. முதலில் அடைப்பானைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் வழித்தான்.

"மண்ணு ஒரு சிட்டிகை உள்ள விழுந்தாலும் பல்லைத் தின்னுடும்" என்றான் உள்ளிருந்து.

அடைப்பான் கழன்றது. துளையின் விளிம்புவரை எண்ணெய் நிற்க வேண்டும். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்காட்டி விரலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி மடக்கினான். வெளியே எடுத்து, ரங்கம்மாவுக்குத் தெரியும்படி வெளிச்சத்தில் நீட்டினான். நகத்தின் நுனியில் மட்டும் ஈரம் இருந்தது.

"ஒண்ணரை விரல்" என்றான். "அவர் பாத்தப்ப ஒண்ணு. நின்ன நாள்ல அரை எறங்கியிருக்குது."

சாலையின் எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்திய யாரோ ஒருவர், "ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் மெல்லக் கேட்டார். "ஆயில், ஆயில்" என்று ஒருவர் கையசைத்துப் பதில் சொன்னார். கேட்டவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"பட்டறைக்குப் போய் எடுத்துட்டு வரணுமா?" என்றான் சிவராஜ்.

"வேணாம். அன்னிக்கு வெளியூர்லேந்து வந்த கையோட எங்கிட்ட ஒரு கேன் வாங்கினாரு. காலையில ஊத்திக்கறேன்னாரு. வண்டியிலயே இருக்கும் பாரு."

அந்தக் காலை வருமுன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"மாமா, சீட்டுக்குப் பின்னாடி" என்றாள் பிரவீனா. ஒரு கையால் குடத்தை அணைத்தபடி மறு கையால் அவள் இழுத்தெடுத்தது மூடி பிரிக்காத ஐந்து லிட்டர் கேன். ஊற்றுவதற்கான ரப்பர்க் குழாய் அதன் கழுத்தில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. கேன் கைமாறிக் கைமாறிப் பின்னால் போகும்போது ரங்கம்மா பார்த்தாள். பக்கவாட்டில், அவருடைய சாய்ந்த எழுத்தில், பேனாவால் எழுதியிருந்தது: *ஹவுசிங்*.

சிவராஜ் கேனை உயர்த்திப் பிடிக்க, குழாயின் நுனியை ஆஞ்சப்பன் துளையில் செருகினான். எண்ணெய் கனமானது, மெல்ல இறங்கியது. காற்று அசைந்தபோது அதன் நெடி வந்தது. கந்தகம் கலந்த, தொண்டையில் ஒட்டும் அந்த நெடியை ரங்கம்மாவுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே கிடக்கும் காக்கிச் சட்டையை இத்தனை ஆண்டுகளாகத் தனி வாளியில்தான் ஊறவைத்து வந்தாள். இன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

"நெறஞ்சுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

லாரி சம்பந்தமாக அவள் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

"வழியும் அண்ணி. வழிஞ்சாத்தான் நெறஞ்சுதுன்னு கணக்கு" என்றான் ஆஞ்சப்பன். "ஒடனே மூடிடக் கூடாது. வழியறது தானா நிக்கணும். அதுக்கப்பறம்தான் மூடணும்."

சற்று நேரத்தில் துளையின் கீழ்விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு திரண்டு, இரும்பின் வளைவில் நூலாக இறங்கியது. ஆஞ்சப்பன் குழாயை உருவினான். எல்லாரும் காத்திருந்தார்கள். தப்படிப்பவர்கள், மேலே நின்றவர்கள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்த அந்த வழிப்போக்கர், நேரமாகிறது என்று மீண்டும் சொல்லாத கரியப்பன், வெள்ளைத் துணிக்குள் திம்மராயன் என்று அத்தனை பேரும், ஒரு நூல் எண்ணெய் வழிந்து முடிவதற்காக அந்த வெயிலில் நின்றார்கள். நூல் மெலிந்தது; சொட்டானது. ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டது. பிறகு நின்றது.

ஆஞ்சப்பன் அடைப்பானை முறுக்கிவிட்டு வெளியே வந்தான். முதுகு முழுவதும் கறுப்பாகியிருந்தது. விரலைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"இனி எங்க வேணா போகலாம்" என்றான்.

அவன் சொன்னது வண்டியைப் பற்றித்தான்.

ரங்கம்மா அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவன் பதறி, "என்னண்ணி இது, எனக்கா" என்று சொல்லிப் பைக்கை அங்கேயே விட்டுவிட்டுப் பின்பலகையில் தாவி ஏறினான்.

லாரி புறப்பட்டு, கல்வெர்ட்டைத் தாண்டி, வளைவில் மறைந்தது. அதன் சத்தம் மறைவதற்கு மேலும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை நின்றுவிட்டு அவள் திரும்பினாள்.

குளித்து, ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மணி மூன்றரையை நெருங்கியிருந்தது. அவர் படுத்திருந்த இடத்தைக் கழுவி விளக்கு வைத்திருந்தார்கள். ஃபோன் அடித்தது. பிரவீனா.

"முடிஞ்சுதும்மா. கெளம்பப் போறோம்."

"எறங்கறப்ப?"

"ஒண்ணும் ஆவலம்மா. மாமா மெதுவாத்தான் வந்தாரு. கீழ வந்ததும் ஆஞ்சப்பன் சித்தப்பா மொதல்ல ஹவுசிங்லதான் கை வச்சுப் பாத்தாரு. கை வைக்கற சூடுதான் இருக்குது, அதுக்கு மேல இல்லன்னாரு."

"குடம்?"

"நல்லபடியா ஒடைச்சேம்மா. பெரியப்பாதான் மூணு தடவையும் ஓட்டை போட்டாரு. இரு, மாமா பேசணுமாம்."

ஃபோன் சிவராஜின் கைக்கு மாறியது.

"அக்கா. மாமா அந்த வீட்டையும் நெனச்சுத்தான் சொல்லியிருப்பாரு."

"இல்லடா" என்றாள் ரங்கம்மா. "வண்டியத்தான் சொன்னாரு."

ஈரத் தலைமுடியின் நுனியைப் பிழிந்துவிட்டாள்.

"நல்லவேளை" என்றாள். "ஆனை எறங்கறதுக்குள்ள வந்து சேருங்க."

ஃபோனைக் கீழே வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாதேஸ்வரி தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தாள். எவர்சில்வர் டம்ளரில் தளும்பாத அளவுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

ரங்கம்மா வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. ஆட்காட்டி விரலை விளிம்பில் மடக்கி உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

"சிந்திடும்க்கா."

"ஊத்து."

மாதேஸ்வரி ஊற்றினாள். காப்பி விளிம்புக்கு வந்து, தயங்கி, ரங்கம்மாவின் விரல்களின் மேல் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வழிவது நிற்கும்வரை டம்ளரை அசையாமல் பிடித்திருந்துவிட்டு, பிறகு குடித்தாள்.